பழைய லேஸ் பின்னலை ஸ்கார்ஃபாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய லேஸ் (துளைப் பின்னல்) சால்வை வடிவங்களை ஸ்கார்ஃபாகவும் தோள்துண்டாகவும் மாற்றிப் பின்ன என்னிடம் கற்றுக்கொள்பவர்கள், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே ஒன்றுவிடாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. கண்ணி நழுவுவதும் வரிசை எண்ணிக்கை பிசகுவதும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நனைக்காத மாதிரித் துண்டை அளப்பது

லேஸ் பின்னலின் உண்மையான அளவு ஊசியிலிருந்து இறக்கியவுடன் தெரியாது. நனைத்து, நாற்புறமும் இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்த பிறகே துளைகள் விரிந்து அளவு நிலைபெறும். ஷெட்லாந்துப் பெண்கள் கழுவிய சால்வைகளை மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டி உலர்த்தியதும் இதற்காகத்தான்.

இதைப் பொருட்படுத்தாமல், ‘ஓல்டு ஷேல்’ என்னும் அலை வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் 18 கண்ணி அலகு 5 செ.மீ. வருகிறது என்று நனைக்காத மாதிரியில் அளந்து, 30 செ.மீ. ஸ்கார்ஃபுக்கு ஆறு அலகுகள் போட்டேன். மூன்று வாரம் பின்னி முடித்துக் காயவைத்தபோது அது 42 செ.மீ. அகலத்துக்கு விரிந்துவிட்டது. அகலத்தைக் குறைத்துக் குத்தினால் துளைகள் மூடிக்கொண்டன. பிரித்துப் பின்னலாம் என்றாலோ, மெல்லிய கம்பளி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பல இடங்களில் அறுந்தன. விலையுயர்ந்த இரண்டு நூல்கண்டுகள் வீணாயின. கையகல மாதிரி ஒன்றை முதல் நாளே நனைத்து உலர்த்தியிருந்தால், நான்கு அலகுகளே போதும் என்பது தெரிந்திருக்கும். இன்றும் மாணவர்கள் “நேரமில்லை” என்று இந்த ஒரு படியைத் தாண்டும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அக்ரிலிக் நூல்

வேண்டாம். நனைத்து இழுத்தாலும் காய்ந்ததும் சுருங்கிவிடும்.

ஊசி எண்ணை நம்புவது

பழைய பிரிட்டிஷ் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும்; அமெரிக்க முறையில் பருக்கும். எட்டாம் எண் பிரிட்டிஷ் முறையில் 4 மி.மீ., அமெரிக்க முறையில் 5 மி.மீ. ஆகவே மில்லிமீட்டரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அலகை வெட்டுவது

ஓல்டு ஷேலின் ஓர் அலகில் ஆறு முறை நூலைச் சுற்றிக் கூட்டும் கண்ணிகளை, இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னும் ஆறு இணைப்புகள் ஈடுசெய்கின்றன. அகலத்தைக் குறைக்க அலகின் நடுவில் கண்ணிகளை நீக்கினால் இந்தச் சமன் குலைந்து, விளிம்பு ஒருபுறம் சாயத் தொடங்கும். குறைப்பதானால் முழு அலகாகக் குறையுங்கள். மீதமுள்ள ஓரிரு சென்டிமீட்டரை ஓரக் கண்ணிகளில் சரிசெய்யலாம்.

இறுக்கி முடிப்பது

கடைசி வரிசையை ஓரளவு பருத்த ஊசியால் முடியுங்கள்.