மூளை அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைக் கவனிக்கும் முறை

திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ மூளையில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரும் முன், மண்டையோட்டு எலும்பைத் திரும்ப வைத்துவிட்டார்களா, பின்னர் வைப்பதற்காக எடுத்திருக்கிறார்களா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூளை வீங்கியிருந்தால் எலும்பின் ஒரு பகுதியை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் மூடித் தைப்பது உண்டு. அப்படிச் செய்திருந்தால் அந்தப் பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்கக் கூடாது.

கைகால் தளர்ந்தால் வர்ம ஆசானை அழைத்து எண்ணெய் இட்டுத் தடவுவது நம் கன்னியாகுமரி மாவட்டத்து வழக்கம். அந்த மரபின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அறுவை செய்த தலையிலும் கழுத்திலும் எவர் கையும் அழுத்தக் கூடாது, ஆறாத தையலில் எண்ணெயும் படக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால், தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது சாப்பாட்டு வேளையைத்தான். விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்குக் குழைந்த உணவைவிடத் தண்ணீரும் சாயாவும்தான் எளிதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். எனவே, வாய்வழி கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குங்கள். நன்றாக விழித்திருக்கும்போது முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கஞ்சியையோ அவித்து மசித்த ஏத்தன்பழத்தையோ (நேந்திரம்பழம்) அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாயைக் கொடுக்க வேண்டும். தளர்ந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு ஒதுங்கி நிற்கும், அதை வழித்தெடுங்கள். இருமினாலோ குரல் கரகரத்தாலோ நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். தூக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு இறங்கிவிடும். வீட்டுக்கே வரும் இயன்முறைப் பயிற்சிக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்காமல், வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். தலைவலி ஏறிக்கொண்டே போய் வாந்தி எடுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் தூங்குவது, தையலிலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல், டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய ஸ்கேன் படங்களையும் எடுத்துக்கொண்டு அப்போதே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.