பண அளிப்பு: புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நோட்டை அச்சடித்தால் நாடு பணக்கார நாடாகிவிடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். விஷயம் தெரிந்தவர்களும் தொடக்கத்தில் செய்த பிழைகளையே புதியவர்கள் திரும்பச் செய்கிறார்கள்.

அடிப்படைப் பணமே பண அளிப்பு என்று நினைப்பது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பி வருவது இது. எரிச்சலூட்டுவதும் இதுதான்.

மத்திய வங்கி வெளியிடுவது அடிப்படைப் பணம்: ரொக்கமும், வங்கிகள் அதனிடம் வைத்திருக்கும் இருப்பும். பண அளிப்பு என்பது மக்கள் கையிலுள்ள ரொக்கமும் வங்கி வைப்புகளும். இரண்டையும் இணைப்பது பணப் பெருக்கி. வைப்புக்கு எதிராக மக்கள் வைத்திருக்கும் ரொக்க விகிதத்தோடு 1 கூட்டுங்கள். ரொக்க விகிதம், வங்கிகளின் இருப்பு விகிதம் இரண்டின் கூட்டுத்தொகையால் அதை வகுங்கள்.

இரண்டு விகிதமும் 0.10 என்றால் பெருக்கி 5.5. அடிப்படைப் பணம் 100 கோடி, பண அளிப்பு 550 கோடி. வங்கி திவாலாகும் என்று பயந்து மக்கள் பணத்தை எடுக்க, ரொக்க விகிதம் 0.20 ஆகிறது. வங்கிகளும் பயந்து இருப்பை 0.15 ஆக்குகின்றன. பெருக்கி 3.43க்கு இறங்குகிறது. மத்திய வங்கி அடிப்படைப் பணத்தை 120 கோடியாக உயர்த்தினாலும் பண அளிப்பு 411 கோடிதான். கால்வாசி போய்விட்டது.

1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் நடந்தது இதுவே. அடிப்படைப் பணம் 1929ஐவிட 1933இல் அதிகம். ஆனால் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டு, பண அளிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. விலைகள் இறங்க, கடன்கள் பழைய தொகையிலேயே நின்றன. உற்பத்தி கால் பங்குக்கு மேல் விழுந்தது.

அதற்குப் பிறகும் தவறு தொடர்ந்தது. வங்கிகளிடம் குவிந்திருந்த உபரி இருப்பைச் சும்மா கிடக்கும் பணம் என்று எண்ணி, அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் 1936 ஆகஸ்ட், 1937 மார்ச், மே என மூன்று தவணையில் கட்டாய இருப்பு விகிதத்தை இரட்டிப்பாக்கியது. உண்மையில் அது, அடிபட்ட வங்கிகள் தற்காப்புக்காகச் சேர்த்து வைத்தது. கருவூலமும் 1936 டிசம்பர் முதல், உள்ளே வந்த தங்கம் பணமாக மாறாதபடி தடுத்தது. 1937 மே முதல் 1938 ஜூன் வரை மறுபடியும் மந்தம். எதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பிழை தலைகீழானது. 2014க்குள் அடிப்படைப் பணம் நான்கு மடங்குக்கு மேல் பெருகியதைக் கண்டு, கடும் பணவீக்கம் வரும் என்றார்கள். 2008 அக்டோபரிலிருந்து இருப்புக்கும் வட்டி கிடைத்ததால் வங்கிகள் அதை வைத்துக்கொண்டன. எம்2, அதாவது ரொக்கத்தோடு நடப்பு, சேமிப்பு வைப்புகளையும் சேர்த்த பண அளிப்பு அளவீடு, ஏறக்குறைய 50% மட்டுமே கூடியது.

வட்டி குறைவு என்றால் பணம் தாராளம் என்பது

விலை இறங்கும்போது குறைந்த வட்டியும் கனக்கும். 1932இல் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 10% இறங்கியது. 2% வட்டிக் கடனின் உண்மைச் சுமை சுமார் 12%.

எம்1 வரைபடத்தைக் கண்டு அலறுவது

எம்1 என்பது எம்2ஐவிடக் குறுகிய அளவீடு. அமெரிக்க எம்1இல் 2020 மேயில் தெரியும் மும்மடங்குத் தாவல், சேமிப்புக் கணக்குகளையும் அதில் சேர்த்ததால் வந்தது. எம்2ஐப் பாருங்கள்.

காலத் தாமதத்தை மறப்பது

பண அளிப்பு மாறினால் பெரும்பாலும் உற்பத்தி முதலில் அசையும், விலை பிறகுதான். அமெரிக்காவில் எம்2 மிக வேகமாகப் பெருகியது 2020இல், பணவீக்கம் 9.1% என்ற உச்சத்தைத் தொட்டது 2022 ஜூனில்.