படத்தைப் பார்த்துப் படம் வரையாதீர்கள்: ஃபேஷன் ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பட்டுப் புடவைக் கடையின் கல்யாண சீசன் விளம்பரத்துக்குப் படம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். கோடு நன்றாக வந்திருந்தது, நிறமும் பிடித்திருந்தது. அங்கே பல வருஷமாகப் புடவை விரித்துக் காட்டும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது பட்டு மாதிரி இல்லையே, ஷிஃபான் மாதிரி வழியுதே" என்றார். அவர் சொன்னது சரி. முந்தானை விழும் விதத்தை நான் புடவையைப் பார்த்து வரையவில்லை. போனில் சேமித்து வைத்திருந்த, யாரோ வரைந்த ஒரு கவுன் படத்திலிருந்து எடுத்திருந்தேன். அந்தக் கவுன் மெல்லிய துணி. காஞ்சிபுரப் பட்டு ஜரிகைக் கனத்தோடு விறைத்து நிற்கும். மடித்தால் முனை முனையாக உடையுமே தவிர வழியாது.

"புதுசா எதுவுமே தோணல" என்று தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் குரல்தான் ஞாபகம் வருகிறது. கற்பனை வற்றிவிட்டது என்று நாம் பயப்படும் நாட்களைத் திரும்பிப் பார்த்தால், துணியையும் உடம்பையும் பார்ப்பதை விட்டு வெறும் படங்களையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம். நான் கீழே சொல்லும் தவறுகள் அநேகமாக அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

இன்னொருவர் முடித்த இடத்தில் நாம் தொடங்குவது

வேலை வந்ததும், படங்களைத் தேடிச் சேமிக்கும் தளமான பின்டரெஸ்டைத் திறப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. வாட்டர்கலர் கவுன் பத்து சேமித்தால் பதினொன்றாவதும் வாட்டர்கலர் கவுனாகவே வரும். அதே நீண்ட கால், அதே கண் வரையாத முகம், ஓரத்தில் அதே நிறக் கசிவு. நமக்கு வருவதுதான் அடுத்த ஊர் ஓவியருக்கும் வருகிறது.

ஒரு நல்ல ஃபேஷன் படத்தில் ஓவியர் எதை விட்டார், எதை வைத்தார் என்ற முடிவுகள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டன. அதைப் பார்த்து வரையும்போது அந்த முடிவுகள் நம் கைக்கு இலவசமாக வந்துவிடுகின்றன. ஆனால் ஏன் அந்தக் கோட்டை விட்டார் என்ற காரணம் வருவதில்லை. அதனால்தான் துணி மாறியதும் படம் தடுமாறுகிறது.

இந்தத் தொழிலின் முன்னோடிகள் எங்கே பார்த்தார்கள் என்று கவனியுங்கள். 1908-ல் பாரிஸில் உடை வடிவமைப்பாளர் பால் புவாரே தன் உடைகளை வரையச் சொல்லி ஓவியர் பால் இரீபை அழைத்தார். 1910-ல் ரஷ்ய பாலே குழு அங்கே ஆடியபோது அதன் மேடை வடிவமைப்பாளர் லியோன் பாக்ஸ்ட் மேடைக்குக் கொடுத்த ஆரஞ்சும் நீலமும் பச்சையும் அந்த ஊரின் உடைகளுக்குள்ளும் படங்களுக்குள்ளும் புகுந்தன. 1912 முதல் 1925 வரை வந்த 'கஸெட் து பான் தோன்' என்ற ஃபேஷன் இதழில் வரைந்த ஜார்ஜ் பார்பியேயின் உருவங்களில் கிரேக்கக் குடுவை ஓவியங்களின் சாயல் தெரியும். இவர்கள் பார்வை உடைப் படங்களுக்கு வெளியே, மேடையிலும் மியூசியத்திலும் இருந்தது. அவர்களைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபேஷன் ஓவியர் ரெனே குருவோவின் ஒரு தூரிகை வீச்சைப் பத்து முறை நகலெடுத்துப் பழகியவள் நான். மிஸ் டியோர் வாசனைத் திரவியத்துக்காக அவர் வரைந்த, கழுத்தில் முத்துமாலை போட்ட அன்னத்தைப் பாருங்கள். உடையே கிடையாது, ஆனால் அந்த வாசனையைப் பூசும் பெண் எப்படி இருப்பாள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இப்படிப் பழகுவதற்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் வேலை செய்யும் காலையில் அந்த நோட்டைத் திறக்காதீர்கள்.

துணியைத் தொடாமல் வரைவது

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். போட்டோவில் துணியின் நிறமும் வடிவமும் இருக்கும், கனம் இருக்காது. நம் தொழிலே கனத்தை ஒரு கோட்டில் சொல்வதுதானே?

தையற்கடையில் கேட்டால் வெட்டி மிஞ்சிய பிட்டுத் துணி தருவார்கள். ஆர்கன்சா, ஜார்ஜெட், மல்மல், ரா சில்க், லினன் என்று ஐந்து வகை போதும். ஒவ்வொன்றையும் சுவரில் ஒரே ஒரு குண்டூசியில் தொங்கவிடுங்கள். ஐந்து நிமிஷத்தில் பென்சிலால் வரையுங்கள். அப்புறம் இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஊஞ்சல் போலத் தொய்யவிட்டு வரையுங்கள். ஆர்கன்சா காற்றை உள்ளே வைத்துக்கொண்டு உப்பி நிற்கும். ஜார்ஜெட் ஊசியிலிருந்து நேராக இறங்கி, கீழே போகப் போகத்தான் விரியும். மல்மல் எதற்கும் எதிர்ப்புக் காட்டாது. கடைசியில் அதே துணியை மூலைவாக்கில், தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்கிறார்களே, அப்படித் தொங்கவிடுங்கள். நேர் இழையில் விறைப்பாக இருந்த துணி திடீரென்று உடம்போடு ஒட்டிப் பேசத் தொடங்கும். 1920-களில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் மாடலின் வியோனே கிராஸ் வெட்டில் உடைகள் செய்து பெயர் வாங்கினார். அவர் முதலில் காகிதத்தில் வரையாமல், ஒரு சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே உடையைக் கண்டுபிடித்தார். வரைகிறவர்களான நமக்கு அது பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

நிறத்திலும் இதே கதைதான். 'மயில் கழுத்து' நிறப் புடவையை நான் வருஷக்கணக்கில் தப்பாக வரைந்திருக்கிறேன். நீலத்தையும் பச்சையையும் தட்டில் கலந்து ஒரு நீலப்பச்சை பூசுவேன், அது செத்துக் கிடக்கும். ஒரு நாள் புடவையை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை வேறொரு நிறம். இரண்டும் கலப்பதே இல்லை. மடிப்பு நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு நிறம் ஓங்கும், திரும்பிய பக்கத்தில் மற்றது ஓங்கும். இரண்டும் சந்திக்கும் மடிப்பு முகட்டில் நிறத்தைத் தேய்த்துக் கலக்காமல் அப்படியே உடைத்து வைத்தால் பட்டு மின்ன ஆரம்பிக்கும். இந்த ஒரே கவனிப்பை வைத்து ஆறு மாதம் வேலை செய்தேன். புடவைக்கு மட்டும் இல்லை, டாஃபெட்டா கவுனுக்கும், ஆண்கள் குர்தாவுக்கும், ஒரு முறை லிப்ஸ்டிக் விளம்பரத்துக்கும்கூட.

டிரெண்டு அறிக்கைகளை மட்டும் நம்பி நிறம் தேர்ந்தெடுப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறங்களுக்கு எண் கொடுத்துத் தரப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நிறத்தை அறிவிக்கிறது. கிளையண்ட் கேட்டால் அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் நிறம். புடவைக் கடைக்காரர் வாயில் வரும் பெயர்களைக் கேளுங்கள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெந்தயக் கலர், பாக்குக் கலர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலமே இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் போய்ப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. வெந்தயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரே ஒரு விதைக்குள்ளேயே மூன்று பழுப்புகள் கிடைக்கும்.

பாரம்பரியத்தை முத்திரை போல ஒட்டுவது

'நம்ம ஊர் டச்' வேண்டும் என்று கேட்டால் மாங்காய், மயில், பின்னால் ஒரு கோபுரம் என்று கை தானாகப் போகும். இது சோம்பலான வேலை. வாங்குகிறவர்களுக்கும் அது தெரிந்துவிடுகிறது.

அலங்காரத்துக்குப் பதிலாக அமைப்பைப் பாருங்கள். காஞ்சிபுரத்தின் கோர்வைப் புடவையில் உடலும் இரண்டு கரைகளும் தனித்தனி நாடாக்களால் (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) நெய்யப்பட்டு, சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வழக்கமாக நெசவாளரோடு இன்னொருவரும் தறியில் உட்காருவார். இதைப் புரிந்துகொண்ட பிறகு, உடலுக்கும் கரைக்கும் இடையே ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏன் அப்படிப் பட்டென்று வெட்டித் தாவுகிறது என்று விளங்கியது. மயிலே இல்லாமல், அந்தத் தாவலை மட்டும் எடுத்து ஒரு ஜாக்கெட் படத்தின் பின்னணியை அமைத்தேன். பார்த்தவர்கள் "காஞ்சிபுரம் மாதிரி இருக்கு" என்றார்கள்.

எடுக்கும்போது எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவதும் தவறுதான், இதில் எனக்குச் சமரசம் இல்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் முன்கூட்டியே வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே போடுவார்கள். அந்தக் கட்டங்களை ஐபேடில் ஐந்து நிமிஷத்தில் நகலெடுத்து 'ஜியோமெட்ரிக் பேட்டர்ன்' என்று பெயர் வைத்து விற்பது அநியாயம். 2025 ஜூனில் மிலானில் பிராடா காட்டிய செருப்புகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தோம். கோலாப்பூர்ச் செருப்பு என்று சொல்லாமலே மேடையேற்றியதால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெயரைச் சொல்ல ஒரு வரிதான் ஆகும். முடிந்தால் செய்தவர்களுக்குப் பணமும் போக வேண்டும்.

மியூசியத்தில் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்புவது

எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்துக்குப் பல முறை போய் நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்திருக்கிறேன். அவற்றிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் ஒரு மணி நேரம் நின்று வரைந்த நாளில்தான் ஏதோ நடந்தது. சோழர் காலத்து வேலை. வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். ஆண் பக்கம் ஆடை தொடையோடு நிற்கிறது, பெண் பக்கம் கணுக்கால்வரை இறங்குகிறது. ஒரே உடம்பில் இரண்டு ஆடைகள், இரண்டு விதமான நிற்பு. துணி என்பதே சில மெல்லிய கோடுகள்தான். அந்தக் கோடுகள் காலின் உருட்சியோடு வளைவதால் மட்டுமே அது துணியாகிறது. எவ்வளவு குறைவாக வரையலாம் என்பதை எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக நான் கற்றதில்லை.

போகும்போது ஒரே சிற்பத்துக்காகப் போங்கள். கூடம் முழுவதும் சுற்றினால் கால்தான் வலிக்கும்.

ஒன்பது தலை உடம்பிலேயே குடியிருப்பது

ஃபேஷன் உருவத்தைத் தலையின் ஒன்பது மடங்கு உயரத்துக்கு இழுப்பது மரபு. தப்பில்லை. ஆனால் அந்த ஒரே பொம்மைக்கு உடை மாற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை புது உடை வந்தாலும் படம் பழசாகவே இருக்கும். ஃபேஷன் ஓவியர் அன்டோனியோ லோபஸ் உயிருள்ள மாடல்களை எதிரில் நிறுத்தி வரைந்தவர். ஜெர்ரி ஹால், கிரேஸ் ஜோன்ஸ் போன்றவர்களின் தனி நடையும் திமிரும் அவர் கோட்டை மாற்றின. நமக்கு மாடல் கிடைக்காவிட்டால் என்ன? கடற்கரை-தாம்பரம் மின்சார ரயிலில் ஏறுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கும் பெண், துப்பட்டாவை இரண்டு சுற்றாகக் கழுத்தில் கட்டிய கல்லூரி மாணவி, வேட்டியை மடித்துக்கட்டி வாசலோரம் நிற்பவர். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு படம். முகத்தை வரையாதீர்கள், அவர்களிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. நிற்பும் மடிப்பும் போதும்.

புது தூரிகைத் தொகுப்பு வாங்கினால் புது யோசனை வரும் என்று ஐபேடில் வரையும் புரோகிரியேட் செயலியில் பணம் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் இருக்கும், அவ்வளவுதான். ஏஐ படங்களை ரெஃபரன்ஸாக வைப்பது அதைவிட ஆபத்து. இடுப்பில் தொடங்கும் கொசுவம் நடுவில் காணாமல் போகும், பார்டர் தோளில் ஒரு மாதிரி முழங்காலில் வேறு மாதிரி இருக்கும். புடவை கட்டிப் பழகிய எவரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

டெட்லைன் நாளில் தேடுவது

நாளை மாலை கொடுக்க வேண்டிய வேலைக்கு இன்று இரவு புது யோசனை தேடினால் பின்டரெஸ்டில்தான் போய் நிற்போம். நேரம் இல்லாத கை தெரிந்ததைத்தான் செய்யும். நான் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை யாருக்கும் விற்பதில்லை. அந்த நேரத்தில் துணி, ரயில், மியூசியம், ஏதாவது ஒன்று. வரைந்தது வேலைக்கு ஆகுமா என்று அன்று கேட்பதில்லை. சீசன் உச்சத்தில் அதை விட்டுக்கொடுத்த மாதங்களும் உண்டு. அப்போது செய்த படங்களை இப்போது பார்த்தால் எல்லாம் ஒரே ஜாடை.

இன்னொன்று, வரைந்ததன் ஓரத்தில் எழுதாமல் விடுவது. என்ன துணி, எங்கே பார்த்தேன், எந்த வெளிச்சம், என்ன வித்தியாசமாக இருந்தது. இந்த நான்கும் இல்லாவிட்டால் எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் வெறும் கிறுக்கலாகத் தெரியும். இப்போது என் மேஜையில் இருக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகைப் படம், போன ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றிலிருந்து வந்தது. ஓரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆர்கன்சா பிட்டு, சமையலறை ஜன்னல், காலை ஏழரை. இரண்டு மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் மட்டும் நிறம் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் வெறும் வெளிச்சம்."