வால்ஐ மீனுக்கு விலை கூடிய கிராங்க்பெயிட்: காசு எங்கே வீணாகிறது

தூண்டில் கடைச் சுவரில் தொங்கும் கிராங்க்பெயிட் (மூக்கின் கீழே தகடு வைத்த செயற்கை மீன் இரை) பத்து டாலர் அளவிலும் கிடைக்கும், முப்பது டாலருக்கு மேலும் கிடைக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் பே ஒஃப் குயின்டி என்ற குடாப் பக்கம், இலையுதிர்காலத்தில் வால்ஐ என்ற நன்னீர் மீனுக்குப் புதிதாக இறங்கும் தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணை, விலை கூடினதுதான் வாங்க வேணுமோ?" பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் மலிவானதை வாங்கியவர்களும் அதே தவறுகளைச் செய்து வெறும் கூடையோடு கரைக்கு வருகிறார்கள். அவற்றில் பல நான் பழகிய காலத்தில் செய்தவைதான். முடிச்சை இறுக்கு, லைசன்ஸ் எடு போன்றவற்றை இங்கே எழுதவில்லை.

எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பார்க்காதது

பின்லாந்தின் லவுரி ரப்பாலா 1936இல் தன் முதல் இரையைத் தக்கையில் செதுக்கி, சாக்லேட் சுற்றும் தாளை ஒட்டி, உருக்கிய புகைப்பட நெகட்டிவ்வைப் பூச்சாகப் பூசினார். காயம்பட்ட சிறுமீன் போல அது தள்ளாடி நீந்த வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. இன்று பத்து டாலர் பிளாஸ்டிக் இரையும் அந்தத் தள்ளாட்டத்தை நன்றாகவே செய்யும். பெர்க்லி ஃப்ளிக்கர் ஷாட் ஒரு நல்ல உதாரணம்; அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாத வால்ஐப் படகு குறைவு.

மிச்சக் காசு எங்கே போகிறது? நுட்பமான வர்ணம், கூரான கொக்கிகள், இழுப்பை நிறுத்தினால் மிதக்காமலும் அமிழாமலும் நிற்கும்படி அளந்த எடை, வீசும்போது வாலுக்கு உருண்டு தூரம் கொடுக்கும் உள்குண்டு. ட்ரோலிங்கில், அதாவது நூலை விட்டுப் படகை மெல்ல ஓட்டிப் பிடிக்கும்போது, படகுதான் இரையை இழுக்கிறது. வீச்சும் இல்லை, நிறுத்தமும் இல்லை. கடைசி இரண்டுக்கும் கொடுத்த காசு அங்கே சும்மா கிடக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்தை நம்புவது

என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது இதுதான். காசையும் அதிகம் தின்பது இதுதான்.

ஒரு இலையுதிர்காலம் பிக்டன் பக்கம் என் படகில் ஒரு தம்பி வந்தார். பெட்டி நிறைய ஜப்பான் இரைகள், நிறவாரியாக அடுக்கியிருந்தார். ஒன்றை எடுத்துக் காட்டி, "அண்ணை, இது இருபது அடிக்குப் போகும் எண்டு பெட்டியில போட்டிருக்கு" என்றார். நீருக்கடியில் மீனைக் காட்டும் சோனாரில் மீன்கள் இருபது அடிக்குச் சற்றுக் கீழே தெரிந்தன. சரி, பொருத்தம்தான். ஆனால் அவர் ரீலில் இருந்தது மொத்தமான தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்). எவ்வளவு விட்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு அளவாத்தான் விட்டனான்" என்றார். அந்த "ஒரு அளவு" எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. அவருடைய இரை மீன்களுக்கு வெகு மேலே ஓடியிருக்க வேண்டும். பக்கத்துத் தடியில் என் பழைய, வர்ணம் உரிந்த இரைக்குத்தான் அன்று மீன் கடித்தது. அடுத்த வாரம் அவர் என்ன செய்தார்? அதைவிட விலை கூடிய இரண்டு வாங்கி வந்தார்!

ஆழம் இரையோடு ஒட்டிப் பிறந்த குணம் இல்லை. பட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தது போல நினைத்துப் பாருங்கள்: மூக்கின் கீழுள்ள தகடு இரையைக் கீழே தள்ளுகிறது, தண்ணீரில் இழுபடும் தங்கூசி அதை மேலே தூக்குகிறது. தங்கூசி மொத்தமானால் தூக்கல் கூடும், இரை மேலே வரும். அதே பலமுள்ள பின்னல் நூல் மெல்லியது, அதனால் இரை இன்னும் கீழே போகும். நூல் விட விட ஆழமும் கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு நூலின் இழுபாடு தகட்டின் தள்ளலோடு சமமாகிவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு நூல் விட்டாலும் பயன் இல்லை. பெட்டியிலுள்ள எண் குறிப்பிட்ட ஒரு நூலும் குறிப்பிட்ட ஒரு நீளமும் சேர்ந்தபோது வந்தது. 30 அடி என்று போட்ட டீப் டெயில் டான்சர் என்ற இரையை 60 அடி நூலில் இழுத்தால் 30 அடிக்கு அருகில்கூட வராது.

வால்ஐ விஷயத்தில் இது இரட்டை அடி. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும். இரைக்காக அது மேலே எழும்பும், கீழே இறங்கித் தேடுவது அரிது. மீன் 24 அடியில் நின்றால் இரை 20, 21 அடியில் போக வேண்டும். மீனுக்குக் கீழே போனால் எந்த விலை இரையும் இல்லாதது மாதிரித்தான்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. விலை கூடிய இரண்டு மூன்று இரைக்கான காசைச் சேர்த்து விட்ட நூலின் நீளத்தை எண்ணிக் காட்டும் லைன் கவுண்டர் ரீல் ஒன்று வாங்குங்கள். ரீலில் நூல் சுற்றும் ஸ்பூலை எப்போதும் ஒரே அளவுக்கு நிரப்புங்கள்; பாதி வெறுமையான ஸ்பூலில் கவுண்டர் தப்பான எண்ணைக் காட்டும். அப்புறம், மெல்ல மெல்ல ஆழம் குறையும் மணல் திட்டு ஒன்றைத் தேடி, 80 அடி நூல் விட்டு அதை நோக்கி ஓட்டுங்கள். இரை தரையைத் தட்டத் தொடங்கினால் தடிமுனை அடித்துக் காட்டும். அந்த இடத்தின் ஆழம்தான் உங்கள் நூலில் 80 அடிக்கான உண்மையான எண். பிறகு 100, 120 என்று பார்த்து, இரைப் பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். இதனால்தான் ஒரே இரையில் இரண்டு மூன்று வாங்கச் சொல்கிறேன். ஒரு மீன் கடித்த நீளத்தை மற்றத் தடிகளிலும் அப்படியே வைக்கலாம். எல்லாம் வேறு வேறு முப்பது டாலர் இரை என்றால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது.

நேராக ஓடுகிறதா என்று பார்க்காமல் இறக்குவது

விலை இதற்கு உத்தரவாதம் இல்லை. படகின் ஓரத்தில், நீங்கள் இழுக்கப்போகும் வேகத்திலேயே இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால், நூல் கட்டும் கம்பி வளையத்தை எதிர்ப் பக்கமாகக் குறட்டால் துளி வளையுங்கள். துளி என்றால் கண்ணுக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற அளவு. ரீஃப் ரன்னர் என்ற இரையை வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். சரியாக ஓடவிட்டால் ஈரி ஏரியில் அதற்கு ஈடு சொல்வது கடினம், இல்லாவிட்டால் பக்கத்துத் தடியின் நூலில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

மூக்கில் பெரிய சுவிவல்

சுவிவல் என்பது நூலையும் இரையையும் இணைக்கும் சுழல் வளையம். வேண்டாம். வளைந்த வாயுள்ள சின்ன ஸ்னாப் (திறந்து மூடும் கொளுக்கி) போதும்.

கொக்கியில் பாசி

தடிமுனையின் துடிப்பு நின்றால் உடனே சுற்றி எடுங்கள்.

நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பது

முதலில் ஆழம், பிறகு வேகம், அதற்கும் பிறகுதான் நிறம்.

மலிவே எப்போதும் போதும் என்று முடிவு கட்டுவது

இதுவும் தவறு. ஒஹாயோவின் ஹியூரன் துறைமுகச் சுவரில் நவம்பர் இரவுகளில் கரையிலிருந்து வீசுபவர்களைப் பாருங்கள். காற்றுக்கு எதிரே வீச வேண்டும், மெல்லச் சுற்ற வேண்டும், இடையில் நிறுத்த வேண்டும். குளிர்ந்த நீரில் மந்தமான வால்ஐ அந்த நிறுத்தத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும். அப்போது இரை சட்டென்று மேலே மிதந்தால் ஆட்டம் கெட்டது. உள்குண்டும் அளந்த எடையும் இங்கே காசுக்கு ஏற்ற வேலை செய்கின்றன. இங்கே நானும் கொடுப்பேன். ஆனால் அந்த இரையின் கொக்கியைக் கனமானதாக மாற்றிவிடாதீர்கள். கொடுத்த காசுக்கான சமநிலை அதோடு போய்விடும்.

பைக் மீன் இருக்கும் நீரில் முப்பது டாலர் இரை

பைக் மீனின் பல் தங்கூசியை வெட்டிவிடும். இரைக்கு முன்னால் கம்பித் துண்டு (லீடர்) கட்டினால் இரையின் ஆட்டம் குறையும் என்பதால் நான் கட்டுவதில்லை. பைக் இருக்கும் களைமேட்டுப் பக்கம் போகும்போது என் பெட்டியில் இருப்பதெல்லாம் தள்ளுபடியில் வாங்கியவைதான்.