சேணம் பொருந்துகிறதா? குதிரையின் முதுகை அளந்து பார்க்கும் முறை

ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) ஒன்றைச் சவாரிக்கு வாங்கியிருக்கிறீர்கள். வாக்கில், அதாவது நடையில், நன்றாகத்தான் போகிறது, டிராட் என்கிற துள்ளுநடையில் கால் எட்டிவைக்கும் தூரம், அதாவது எட்டு, குறுகுகிறது, கேன்டர் என்கிற மெதுவான பாய்ச்சலைக் கேட்டால் காதை மடக்குகிறது. லாயத்தில் திமிர் என்பார்கள். திமிரை அப்புறம் பார்க்கலாம், முதலில் முதுகைப் பாருங்கள்.

பிடரி முடிகிற இடத்தில் எழும்பி நிற்கும் எலும்பு மேடுதான் விதர்ஸ். தரோபிரெட்டுக்கு அது உயரமாக இருக்கும், பக்கத்தில் சதை வற்றியிருந்தால் பள்ளமும் விழுந்திருக்கும். குட்டையான போனிகள் பலவற்றுக்கு மேடே தெரியாது, முதுகு பீப்பாய் மாதிரி உருண்டிருக்கும், சேணம் பக்கவாட்டில் சுழலும். ஒரே சேணத்தை இரண்டுக்கும் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

60 செ.மீ. ஃபிளெக்ஸிபிள் கர்வ் (வளைத்த வடிவத்திலேயே நிற்கும் பட்டை) ஒன்று வாங்குங்கள், டிராயிங் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். கூடவே சார்ட் பேப்பர், சாக்பீஸ். ஹேங்கர் கம்பியை வளைத்து அளக்கச் சொல்வார்கள். வேண்டாம், எடுக்கும்போதே விரிந்துவிடும்.

குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றும்படி நிறுத்தி, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தேடுங்கள். இது சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது. மெலிந்த குதிரையில் கண்ணுக்கே தெரியும், சதை பிடித்ததில் எலும்பு எங்கே முடிந்து தசை எங்கே தொடங்குகிறது என்றே புரியாது. விரல்களைத் தட்டையாக வைத்து அழுத்திக்கொண்டே பின்னால் நகர்த்தினால் கெட்டியான விளிம்பு தட்டுப்படும். இன்னும் சந்தேகம் என்றால், ஒருவரை முன்னங்காலைத் தூக்கி மெதுவாக முன்னால் நீட்டச் சொல்லுங்கள், எலும்பின் மேல்பகுதி உங்கள் விரலுக்கடியில் பின்னால் வரும். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது, தோள்பட்டையைத் தசைதான் உடம்போடு பிடித்து வைத்திருக்கிறது, அதனால் ஒவ்வொரு எட்டிலும் அது இப்படி நகர்ந்தாக வேண்டும். அங்கே சேணம் இடித்தால் குதிரை காலை நீட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். எட்டு குறுகியது இதனால்தானா என்று இங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.

விளிம்புக்கு இரண்டு விரல் பின்னால் சாக்பீஸ் கோடு போட்டு, அதன்மேல் கர்வை அழுத்தி, வடிவம் கலையாமல் எடுத்துப் பேப்பரில் வரையுங்கள். இரண்டு தோளும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். வரைந்ததில் பெரிய தோளுக்குப் பொருந்தும் சேணத்தை எடுத்து, சின்னதன் பக்கம் மட்டும் மெல்லிய அடைப்பு வையுங்கள்.

அடுத்து, கடைசி விலா எலும்பை, அதாவது பதினெட்டாவதை, மேலே முதுகுவரை தடவிப் போய்க் குறியுங்கள். சேணத்தின் அடிமெத்தை அதைத் தாண்டக் கூடாது.

இப்போது நம்தா (சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை விரிப்பு) எதுவும் போடாமல் வெறும் சேணத்தை வையுங்கள். விதர்ஸுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், ஆள் ஏறிய பிறகும் இடிக்கக் கூடாது. அடியில் கையை விட்டுப் பாருங்கள்: முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் காலியாக இருந்தால் பாரமெல்லாம் நாலு இடத்தில்தான் இறங்குகிறது. தடிமனான நம்தா போட்டு இதைச் சமாளிக்கலாம் என்பது எனக்கு ஆகவே ஆகாத யோசனை, ஏற்கெனவே குறுகலான சேணம் இன்னும் இறுகும். ஃபோமைவிடக் கம்பளி அடைத்த சேணமே என் தேர்வு, பிரித்துக் கூட்டிக் குறைக்கலாம்.

சவாரி முடிந்ததும் வியர்வையைப் பாருங்கள். ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அநேகமாக அழுத்தம் அங்கேதான்.

பின்சேர்க்கை: எல்லாம் சரி, ஆனால் கொஞ்ச நேரத்தில் சேணம் தோள்மேல் ஏறிவிடுகிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். முழங்கைக்குப் பின்னால் மார்பு குறுகுகிற இடத்தில்தான் கர்த், அதாவது சேணத்தை வயிற்றுக்கடியில் கட்டும் வார், போய் நிற்கும், வயிறு பெருத்த குதிரையில் அந்த இடம் முன்னால் தள்ளியிருப்பதால் சேணத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. இன்னும் இறுக்கிக் கட்டிப் பயனில்லை, நடுவில் முன்னோக்கி வளைந்த கர்த் போட்டுப் பாருங்கள். வரைந்த பேப்பரில் தேதி எழுதி வையுங்கள், ரேஸ் குதிரைக்குச் சதை ஏற ஏற முதுகு மாறும், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.