மகனுக்கு ஆதன் என்று பெயர் வைக்கும் முன்

கீழடிச் செய்திகள் வந்த பிறகு, ஆண் குழந்தைக்கு ஆதன் என்று பெயர் வைக்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. கூப்பிடவும் சுலபம். பொருள் சொல்ல வரும்போதுதான் ஆளாளுக்கு ஒன்றை அவிழ்த்து விடுகிறார்கள்.

ஆதன் என்றால் சூரியன் என்பது அதில் முதல் தவறு. சூரியன், ஆதவன். வெயிலைக் குறிக்கும் ‘ஆதபம்’ என்ற வடசொல் தமிழில் ஆதவம் ஆயிற்று. அந்த வெயிலுக்கு உரியவன் ஆதவன். நடுவிலே ஒரு ‘வ’ போனால் ஆளே வேறு. ஆதாம், ஆதி என்று முடிச்சுப் போடுவதும் இந்த ரகம்தான்.

சரி, அகராதியையே பார்த்துவிடலாம் என்று போனால் இன்னொரு பள்ளம். ‘அறிவில்லாதவன், குருடன்’ என்று போட்டிருக்கும். வீட்டுப் பெரியவர் கண்ணில் அது பட்டால் பெயர் அன்றோடு முடிந்தது. அந்தப் பொருள் பொய்யில்லை. தேவாரத்தில் ஆதர் என்றால் அறிவிலிகள்தான். ஆனால் அது பிற்கால வழக்கு. சங்க காலத்தில் இது சேர அரசர்கள் சூடிய பெயர்: செல்வக் கடுங்கோ வாழியாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். கரூர் பக்கத்துப் புகளூரில், மலைக்குகையில் வெட்டிய தமிழ் பிராமிக் கல்வெட்டிலும் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’ இருக்கிறார். ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்குகின்றன. முட்டாள் வாழ்க என்றா பாடியிருப்பார்கள்? பூதன் கூட அப்போது கௌரவமான பெயர்தான். இன்று யார் வைப்பார்கள்!

‘2600 ஆண்டு பழைய பெயர்’ என்று அழைப்பிதழில் அச்சடிப்பதற்கு முன்னும் கொஞ்சம் யோசியுங்கள். கீழடியில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று கீறிய பானை ஓடுகள் கிடைத்தது உண்மை. ஆனால் பலரும் சொல்லும் கி.மு. 580 என்பது அங்கே எடுத்துச் சோதித்த ஒரு கரித்துண்டின் காலம். அந்தப் பெயர் கீறிய ஓட்டின் காலம் அல்ல. ஈராயிரம் ஆண்டு என்றாலே பெருமைக்குக் குறைவில்லையே.

ஆங்கில எழுத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைச்சல். (ஆதனுக்கு ஆதார் என்று கேலி வரும், அதைத் தவிர்க்க முடியாது.) பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம் என்பதால் அவசரப்படத் தேவையில்லை.

அப்புறம், ஆந்தை. ஆதனும் தந்தையும் சேர்ந்தால் ‘ஆந்தை’ ஆகும் என்பது தொல்காப்பிய விதி. இது தெரியாமல் சங்கப் புலவர் பிசிராந்தையாரைப் பறவையோடு சேர்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. பிசிர் என்ற ஊரில் வாழ்ந்த ஆதனின் தந்தை என்பதே அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். நேரில் பார்த்தே இராத கோப்பெருஞ்சோழனுக்காக வடக்கிருந்து (வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணா நோன்பிருந்து) உயிர்விட்ட அந்தப் புலவரின் சொந்தப் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. மகன் பெயர்தான் வந்திருக்கிறது.