உலரும் படலத்துக்குள் லேசரால் எட்டிப் பார்ப்பது எப்படி?

பி3எச்டி என்ற குறைகடத்திப் பாலிமரைக் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டால், முதலில் ஆரஞ்சு நிறமாக இருக்கும். உலர உலர ஓரத்திலிருந்து கத்தரிப்பூ நிறம் ஏறிவரும். தனித்தனியாக மிதந்த பாலிமர்ச் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்வதால் வரும் மாற்றம் இது. அந்த இடைப்பட்ட நேரத்தில், ஒளி பட்டு எழும் ஆற்றல் சங்கிலிகளுக்குள் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் இந்தச் செய்முறை.

ஃபெம்டோ விநாடி லேசரை இயக்கவும், 800 நானோமீட்டர் ஒளியிலிருந்து 400-ஐயும் வெள்ளொளியையும் உண்டாக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

வழக்கமான முறை ஏன் உதவாது? 400 நா.மீ. பம்ப் என்ற ஒளித் துடிப்பு பொருளைக் கிளறிவிடும். சற்றுத் தாமதித்து வரும் புரோப் என்ற வெள்ளொளித் துடிப்பு நிலைமையைப் பார்க்கும்; பம்ப்பால் புரோப் ஒளியில் ஏற்படும் மாற்றமே சிக்னல். தாமதத்தை மாற்ற, ஒளியைத் திருப்பும் கண்ணாடி பொருத்திய மேடையை நகர்த்துவோம். 0.15 மி.மீ. நகர்த்தினால் போய்வரும் தூரம் 0.3 மி.மீ. கூடும், அது 1 பிகோ விநாடி (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). 100 இடங்களில் 2 விநாடி வீதம் நின்றால் 200 விநாடி ஆகும். சொட்டு அதுவரை காத்திருக்காது. தொடக்கத்தில் அளந்தது கரைசல், கடைசியில் அளந்தது படலம். இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்து வைத்திருப்போம். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் வரைந்தேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம், கடைமடை. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தாலும், கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரப் பல நாள் ஆகும். அந்தச் சமயத்தில் தலைமடையிலிருந்து பஸ் ஏறி வந்தால், அங்கே நாற்று தலை தூக்கியிருக்கும், எங்கள் வயலில் அப்போதுதான் மண் நனையும். ஒரு வயலின் பல நாள் கதையை ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். மேடையை நகர்த்தாமல் எல்லாத் தாமதங்களையும் ஒரே துடிப்பில் பார்க்கும் ஒற்றைத் துடிப்பு முறையின் சூட்சுமமும் இதுதான்.

முதலில், இரண்டு கற்றைகளையும் உருளை லென்ஸால் 6 மி.மீ. நீளக் கோடுகளாக்கி, தகட்டில் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்யுங்கள். புரோப் நேராக விழட்டும்; பம்ப் 30 பாகை சாய்ந்து விழட்டும். கோட்டின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் பம்ப் கடக்கும் தூரத்தில் 3 மி.மீ. வித்தியாசம், அதாவது 10 பிகோ விநாடி. பம்ப் முந்திச் சேரும் முனை தலைமடை, பிந்திச் சேரும் முனை கடைமடை. கோட்டின் பிம்பத்தைக் கேமராவில் விழச் செய்து, அதன் முன்னால் 600 நா.மீ. வடிகட்டியை வையுங்கள்; அடுக்கிய சங்கிலிகள் உட்கவரும் இடம் அது.

பம்ப் கற்றையை நன்றாக விரித்து நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கற்றையின் ஓரம் மங்குவதையே, நேரத்தோடு சிக்னல் குறையும் தேய்வு என்று எண்ணிவிடுவீர்கள்.

அடுத்து சுழிநேரம், அதாவது பம்ப்பும் புரோப்பும் ஒரே கணத்தில் வந்துசேரும் இடம். இரண்டு பாதைகளின் நீளத்தையும் நூல் பிடித்து அளந்து சமமாக்குங்கள். சிரிக்க வேண்டாம், ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். மீதியை ஏற்கெனவே உலர்ந்த படலத்தை வைத்து மேடையை நகர்த்தித் தேடலாம். கிடைத்ததும் மேடையை 0.15 மி.மீ. தள்ளுங்கள். படம் எத்தனை பிக்சல் நகர்கிறதோ அதுதான் 1 பிகோ விநாடி. சுழிநேரம் கடைமடை முனைக்குச் சற்று உள்ளே இருக்கட்டும். பம்ப் இன்னும் வந்துசேராத பிக்சல்கள் சில கட்டாயம் வேண்டும்.

அந்தப் பிக்சல்கள்தான் என்னைக் காப்பாற்றின. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், பம்ப் வராத பிக்சல்களிலும் சிக்னல் தெரிந்தது. தண்ணீர் வராத வயலில் நாற்று பச்சையாக நின்றால் எங்கோ கோளாறு என்றுதானே பொருள்? தகட்டை எடுத்துப் பார்த்தேன்: கத்தரிப்பூ நிறத்தின்மேல் பாலேடு போல வெள்ளை படர்ந்திருந்தது. நான் பாலிமரைக் கரைத்திருந்த குளோரோஃபார்ம் 61 பாகை செல்சியஸிலேயே கொதிப்பது; வேகமாக ஆவியாகும்போது சொட்டின் மேற்பரப்பைக் குளிர்வித்துவிடும். டெல்டாவின் ஈரக்காற்று, ஐஸ் தண்ணீர் டம்ளரில் வியர்ப்பது போல, அதன்மேல் நுண்துளிகளாகப் படிந்து படலத்தைத் துளைத்துவிட்டது. அப்படிப்பட்ட படலம் ஒளியைச் சிதறடிக்கும். ஒரு பிக்சலுக்கு உரியது அடுத்த பிக்சலில் போய் விழும். வரப்பு உடைந்த வயல்கள்தான். எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது, தகட்டைத் தூக்கிப் போடுங்கள்.

ஆகவே கரைப்பானாகப் புதியவர்களுக்கு என் சிபாரிசு குளோரோபென்சீன். 132 பாகையில் கொதிப்பது, நிதானமாக உலரும். தகட்டை மூடிய சிறு பெட்டிக்குள் வைத்து, உலர்ந்த நைட்ரஜனை மெல்லச் செலுத்துங்கள். மழைக்காலத்தில் குளோரோஃபார்ம் புட்டியைத் தொடவே வேண்டாம்.

பிறகு அளவெடுப்பு. 1 கிலோஹெர்ட்ஸ் லேசரில், சாப்பர் என்ற சுழலும் மறைப்புத் தட்டு பம்ப் துடிப்புகளை ஒன்றுவிட்டு ஒன்று மறைத்தால், பம்ப் உள்ளதும் இல்லாததுமாக விநாடிக்கு 500 ஜோடிகள். 100 ஜோடிகளின் சராசரி ஒரு படம். விநாடிக்கு ஐந்து படம் கிடைக்கும். ஒரு சொட்டில் புரோப்பை மறைத்து பம்ப்பை மட்டும் விட்டு எடுங்கள். படலமே உமிழும் ஒளி அதில் தெரியும், கழித்துவிடலாம். கோடு சொட்டின் நடுவில் விழ வேண்டும். ஓரம் முந்தி உலர்வதால் அது நேர வித்தியாசம் போலவே ஏமாற்றும். கடைசியாக பம்ப் ஆற்றலைப் பாதியாக்கிப் பாருங்கள். சிக்னலின் உயரம் குறையட்டும், தேயும் வடிவம் மாறக் கூடாது. மாறினால், கிளர்ந்த நிலைகள் ஒன்றோடொன்று மோதி அழிகின்றன. ஆற்றலை இன்னும் குறையுங்கள்.

பிற்சேர்க்கை: சொட்டு ஈரமாக இருக்கும்போதே 600-இல் சிக்னல் வருகிறதே என்று செய்து பார்த்த ஒருவர் கேட்டார். சரியான கேள்வி, நான் எழுதாமல் விட்டது தவறு. தனிச் சங்கிலிகளின் தூண்டல் உமிழ்வும் (கிளர்ந்த சங்கிலியைப் புரோப் ஒளி தூண்டி வெளிவரச் செய்யும் ஒளி) அதே இடத்தில்தான் விழுகிறது. இப்போது பக்கத்தில் ஒரு ஹாலஜன் விளக்கும் சிறிய ஸ்பெக்ட்ரோமீட்டரும் வைத்து, சாதாரண உட்கவர்தலையும் கூடவே பதிகிறேன். அதில் 605 நா.மீ. அருகே, சங்கிலிகள் அடுக்கியதைக் காட்டும் தோள் போன்ற சிறு மேடு எழுந்த பிறகு வரும் படங்களை மட்டுமே அடுக்கின் கணக்கில் சேர்க்கிறேன்.